அடுத்த புதன்கிழமை போட்டுக்கொள்ளலாமா?

குழந்தைத் தடுப்பூசித் தேதிகள்: சந்தேகங்களும் விளக்கங்களும்

திருவெண்ணெய்நல்லூர் வட்டாரத்தில் தடுப்பூசியே வேண்டாம் என்று சொல்லும் பெற்றோரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். "இன்னிக்கு வேணாம் நர்ஸம்மா, அடுத்த புதன் வந்து போட்டுக்கிறோம்" என்பவர்களைத் தேட வேண்டியதில்லை. குழந்தைக்கு மூக்கு ஒழுகுகிறது, தாய்வீட்டிலிருந்து இன்னும் அழைத்து வரவில்லை, வெள்ளிக்கிழமை காதுகுத்து வைத்திருக்கிறோம், பெங்களூரில் வேலை செய்யும் அவர் வந்து சொல்லட்டும், கரும்பு வெட்டுக்குக் கிளம்புகிறோம் என்று காரணங்கள் எல்லாமே நியாயமாகத்தான் இருக்கும். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள். தமிழ்நாட்டில் தடுப்பூசி நாளான புதனோ வாராவாரம் கிடைக்கிறது. தள்ளிப்போடுவதற்கு அதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 12 முதல் 23 மாதம் வரையிலான குழந்தைகளில் 89.2 சதவீதத்தினருக்கு அடிப்படைத் தடுப்பூசிகள் முழுவதும் போடப்பட்டிருந்தன. நல்ல எண்தான். ஆனால், அந்த ஊசிகள் உரிய வாரத்தில் போடப்பட்டனவா, மூன்று மாதம் கழித்துப் போடப்பட்டனவா என்பதை அந்த எண் காட்டாது. இங்கே வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் அந்த இடைவெளியைப் பற்றியவை.

"ஒன்றரை மாசத்துப் புள்ளைக்கு ஊசியா? கொஞ்சம் உடம்பு தேறட்டுமே?"

வீட்டில் மூத்தவர்கள் கேட்கும் கேள்வி இது. அவர்களுடைய கவலையில் தவறில்லை, கணக்கில்தான் தவறு. வயிற்றில் இருக்கும்போதே தாயிடமிருந்து குழந்தைக்கு நோய் எதிர்ப்பு அணுக்கூறுகள் வந்து சேர்கின்றன. எல்லா நோய்க்கும் ஒரே அளவில் வருவதில்லை. தட்டம்மைக்கு எதிரானவை பல மாதம் தாங்கும். கக்குவான் இருமலுக்கு எதிரானவை குறைவாக வந்து, சீக்கிரமே கரைந்துவிடும்.

பெரியவர்களுக்குக் கக்குவான் வந்தால் வாரக்கணக்கில் இருமிவிட்டுப் பிழைத்துக்கொள்வார்கள். இரண்டு மாதக் குழந்தைக்கு வந்தால் சில நேரம் இருமல்கூட வராது. மூச்சு நின்று நின்று வரும், உதடு நீலம் பாயும். இந்த நோயால் இறப்பவர்களில் பெரும்பாலோர் பிறந்து சில மாதமே ஆன குழந்தைகள். உடம்பு தேறட்டும் என்று நாம் காத்திருக்கும் மாதங்களில்தான் இந்த நோய் மிக மோசமாகத் தாக்குகிறது.

அப்படியானால் பிறந்த அன்றே போடலாமே என்று தோன்றும். அவ்வளவு இளம் உடம்பு கக்குவான் ஊசிக்குப் போதிய எதிர்ப்பை உண்டாக்குவதில்லை. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பும் குறுக்கே நிற்கும். அதனால்தான் 6, 10, 14 வாரங்கள் என்று வைத்தார்கள். ஒரு தவணையில் கிடைக்கும் பாதுகாப்பு அரைகுறைதான். நான்கு வார இடைவெளியில் மூன்று தவணை சேர்ந்தால்தான் அது உறுதிப்படும்.

"கொஞ்ச நாள் தள்ளிப் போட்டால் என்ன?" என்ற கேள்விக்கு ஒரு நாடே விடை கண்டிருக்கிறது. ஜப்பானில் கக்குவானையும் உள்ளடக்கிய முத்தடுப்பு ஊசி போட்ட இரண்டு குழந்தைகள் அடுத்தடுத்து இறந்ததாகச் செய்தி வந்தபோது, 1975-ல் அந்த அரசு ஊசியைச் சிறிது காலம் நிறுத்தியது. பிறகு, இரண்டு வயது ஆன பின் தொடங்கலாம் என்று வயதைத் தள்ளிவைத்தது. ஊசியைத் தடைசெய்யவில்லை, தேதியை மட்டும்தான் மாற்றியது. பயந்துபோன பெற்றோர் இரண்டு வயதிலும் போடவில்லை. 1974-ல் அந்த நாட்டில் சுமார் 400 பேருக்குத்தான் கக்குவான் வந்திருந்தது, யாரும் இறக்கவில்லை. 1979-ல் 13,000 பேருக்கு மேல் வந்தது. 41 பேர் இறந்தார்கள்.

"ஒரே நாளில் மூணு குத்தா? பிரிச்சுப் போடுங்களேன்"

ஆறாவது வாரத்தில் அரசுப் பட்டியலின்படி பென்டா, நிமோகாக்கல், போலியோ என மூன்று ஊசிகளும் போலியோ, ரோட்டா என இரண்டு சொட்டு மருந்துகளும் உண்டு. பத்தாவது வாரத்தில் ஒரே ஊசிதான். பதினான்காவது வாரத்தில் மறுபடி மூன்று. ஒன்பதாம் மாதம் முடிந்ததும் நம் விழுப்புரம் மாவட்டத்தில் நான்கு. 2023 தொடக்கத்தில் போலியோ ஊசியின் மூன்றாம் தவணை சேர்ந்தபின் இந்தக் கணக்கு. கேட்கும்போதே தாயின் வயிறு கலங்குவது இயல்பு.

பென்டா என்பதே தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி, பி வகை மஞ்சள் காமாலை, ஹிப் கிருமி ஆகிய ஐந்தையும் ஒரே குத்தில் அடக்கியது. நாட்டிலேயே முதலில், 2011 டிசம்பரில், தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் அது வந்தது. அதற்கு முன் இந்த ஐந்துக்கும் குழந்தை இன்னும் அதிகக் குத்து வாங்க வேண்டியிருந்தது.

ஒரே நாளில் பல ஊசி போட்டால் உடம்பு திணறிவிடும் என்பது உண்மையல்ல. தரையில் தவழ்ந்து, கிடைத்ததை வாயில் வைக்கும் குழந்தை ஒரு நாளில் சந்திக்கும் கிருமிகளோடு ஒப்பிட்டால் தடுப்பூசிகளில் இருப்பது மிகச் சிறு பகுதி. பிரித்துப் போடுவதில் உள்ள நடைமுறை நட்டம் வேறு. மூன்று ஊசியை மூன்று புதன்களாக்கினால் மூன்று நாள் கூலி போகும், மூன்று முறை பஸ் ஏற வேண்டும், மூன்று இரவு காய்ச்சல் பயம். அதில் ஒரு புதன் கட்டாயம் தவறும். அமெரிக்காவில் 2007-ல் ஒரு மருத்துவர் எழுதிய புத்தகம் பிரித்துப் போடும் அட்டவணை ஒன்றைத் தந்து பிரபலமானது. அந்த அட்டவணை குழந்தைகளுக்குக் கூடுதல் நன்மை தந்ததாக எந்த ஆய்வும் காட்டவில்லை. அதே நாட்டில் 2014-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு வலிப்பை மட்டும் எடுத்துப் பார்த்தது. முதல் வயதில் தேதிப்படி போட்டவர்களுக்கும் தாமதித்தவர்களுக்கும் வேறுபாடு இல்லை. இரண்டாம் வயதில் போட வேண்டிய தட்டம்மை சேர்ந்த ஊசியை 15 மாதத்துக்கு மேல் தள்ளியவர்களிடம்தான் காய்ச்சல் வலிப்பு கூடியிருந்தது.

வலியைக் குறைக்க வழி உண்டு. ஊசி போடும்போதும் போட்டதும் குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கலாம். மடியில் வைத்து அணைத்துக்கொள்ளுங்கள். படுக்கையில் கிடத்திக் கைகால்களை இருவர் பிடிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

"சளி பிடிச்சிருக்கு, லேசா சுடுது"

போடலாம். சாதாரண சளி, இருமல், லேசான காய்ச்சல், வயிற்றுப்போக்கு எதுவும் தள்ளிப்போடக் காரணமில்லை. ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவு உடம்பு முடியாமல் இருந்தாலோ, முன்பு அதே ஊசிக்குக் கடும் ஒவ்வாமை வந்திருந்தாலோ மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். குறைமாதக் குழந்தைக்கும் பிறந்த தேதியை வைத்துத்தான் கணக்கு. எடை மிகக் குறைவாக இருந்தால் மட்டும் மருத்துவர் மாற்றிச் சொல்வார்.

"பென்டா போட்டா ராத்திரி முழுக்கக் காய்ச்சல். தனியார்ல வலியில்லாத ஊசி இருக்காமே?"

இருக்கிறது, விலை கூட. அரசு போடும் பென்டாவில் கக்குவான் கிருமி முழுதாகக் கொல்லப்பட்ட நிலையில் இருக்கிறது. தனியாரில் 'வலியில்லா ஊசி' என்று சொல்லப்படுவதில் அந்தக் கிருமியின் சில பகுதிகளை மட்டும் பிரித்து வைத்திருப்பார்கள். காய்ச்சலும் வீக்கமும் இதில் குறைவு என்பது உண்மை. பாதுகாப்பு சீக்கிரம் மங்குவதும் உண்மை. பகுதி ஊசிக்கே முழுதும் மாறிவிட்ட அமெரிக்காவில், கலிபோர்னியா 2010-லும் 2014-லும் பெரிய கக்குவான் பரவல்களைக் கண்டது. பணம் கட்டிப் போடுவதுதான் உயர்ந்தது என்று நம் ஊரில் ஒரு எண்ணம் இருக்கிறது. இந்த ஒரு ஊசியில் அது பொருந்தாது.

காய்ச்சல் ஒன்றிரண்டு நாளில் அடங்கும். நர்ஸம்மா கொடுக்கும் பாராசிட்டமாலைக் குழந்தையின் எடைக்கு அவர் சொல்லும் அளவில் கொடுங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்த அளவைக் கேட்டுக் கொடுக்காதீர்கள். குத்திய இடத்தைத் தேய்க்க வேண்டாம், எண்ணெய் தடவ வேண்டாம், சுடு ஒத்தடம் வேண்டாம். சுத்தமான ஈரத் துணி போதும். மூன்று மணி நேரத்துக்கு மேல் அடங்காத அழுகை, வலிப்பு, துவண்டு போதல், பால் குடிக்க மறுத்தல், இரண்டு நாள் தாண்டியும் காய்ச்சல் என்றால் அடுத்த புதனுக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.

"பிறந்த அன்னைக்கே எதுக்கு? அந்த பிசிஜி தழும்பும் எம் புள்ளைக்கு விழல"

பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடுவது பி வகை மஞ்சள் காமாலைக்கான ஊசி. தாயிடம் அந்தக் கிருமி இருப்பது பல நேரம் தாய்க்கே தெரியாது. பிரசவத்தின்போது அது குழந்தைக்குத் தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு வாழ்நாள் முழுவதும் உடம்பில் தங்கிவிடும். பிற்காலத்தில் கல்லீரல் சுருக்கத்துக்கும் புற்றுநோய்க்கும் வழி வைக்கும். வளர்ந்தவருக்குத் தொற்றினால் அப்படித் தங்குவது நூற்றில் ஐந்துக்கும் குறைவு. எல்லா ஊசியிலும் கடிகாரம் மிகக் கறாராக இருப்பது இதில்தான். பிரசவங்கள் ஏறக்குறைய எல்லாமே ஆஸ்பத்திரியில் நடக்கும் தமிழ்நாட்டில் இது தவறுவதற்குக் காரணமே இல்லை. டிஸ்சார்ஜ் ஆகும்முன் அட்டையில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

பிசிஜி விஷயத்தில் நம் மக்களின் சந்தேகத்துக்குப் பெரிய பரம்பரையே உண்டு. 1955-ல் ராஜாஜியே பிசிஜியை எதிர்த்துச் சிறு நூல் எழுதினார். முதலமைச்சர் பதவியிலிருந்து விலகி ஓராண்டுதான் ஆகியிருந்தது. அந்த மருந்தைத் தயாரிக்கும் கூடம் 1948 முதல் கிண்டியிலேயே இருந்தது. பிறகு 1968-ல், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் சுமார் 2,60,000 பேரை வைத்து உலகிலேயே மிகப் பெரிய பிசிஜி சோதனை தொடங்கியது. பதினைந்து ஆண்டுக் கண்காணிப்பில் தெரிந்தது, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்பது.

அப்படியானால் ஏன் இன்னும் போடுகிறார்கள்? பச்சிளங் குழந்தைகளுக்கு மூளை உறையிலும் உடம்பு முழுவதும் பரவும் கொடிய காசநோயை பிசிஜி நன்றாகத் தடுக்கிறது. அந்த வகை மிகச் சிறு வயதில்தான் தாக்கும். எனவே ஊசியும் பிறந்ததும் போடப்படுகிறது, தவறினால் ஒரு வயது வரைதான் போடுவார்கள். செங்கல்பட்டு முடிவை மறைக்காமல் வெளியிட்டது நம் மருத்துவத் துறைக்குப் பெருமை என்றே நினைக்கிறேன். தடுப்பூசியைப் பற்றி நல்லது மட்டுமே சொல்பவர்களைவிட, எது எங்கே வேலை செய்யாது என்றும் சொல்பவர்களை மக்கள் நம்புவார்கள்.

தழும்பு விழாவிட்டால் மறுபடி போட வேண்டியதில்லை. ஊசி போட்ட இடம் சில வாரங்களில் கொப்புளமாகி, சீழ் கட்டி, தானே ஆறும். மஞ்சள், பவுடர், களிம்பு எதுவும் போடாதீர்கள். அக்குளில் நெறி கட்டினால் மட்டும் காட்டுங்கள்.

"அம்மை ஊசி ஒன்பது மாசத்துலயும் போட்டு, ஒன்றரை வயசுலயும் எதுக்கு?"

தாய் கொடுத்த எதிர்ப்பு உடம்பில் மிச்சம் இருந்தால் அது தட்டம்மை ஊசியின் வேலையைக் கெடுக்கும். ஒன்பது மாதத்தில் போட்டால் சுமார் 85 சதவீதக் குழந்தைகளுக்குப் பலன் கிடைக்கிறது, பன்னிரண்டு மாதத்தில் சுமார் 95 சதவீதம். பணக்கார நாடுகளால் ஒரு வயதுக்கு மேல் காத்திருக்க முடிகிறது. நோய் சுற்றிக்கொண்டிருக்கும் நாட்டில் அந்த மூன்று மாதத்துக்குள் குழந்தைக்கே வந்துவிடலாம். எனவே ஒன்பதில் ஒன்று போட்டு, 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது போட்டு, விட்டுப்போனவர்களைப் பிடிக்கிறார்கள். "எல்லாருக்கும் இரண்டு எதற்கு, பிடிக்காதவர்களுக்கு மட்டும் போடலாமே" என்றால், யாருக்குப் பிடிக்கவில்லை என்பதை ரத்தப் பரிசோதனை இல்லாமல் கண்டுபிடிக்க முடியாது.

வீட்டில் யாருக்காவது அம்மை கண்டிருந்தால் ஊசி பக்கமே போகாத வழக்கம் நம் கிராமங்களில் இருக்கிறது. வேப்பிலை கட்டுவதும், மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்வதும் அவரவர் நம்பிக்கை, அதில் யாரும் தலையிட வேண்டியதில்லை. ஆனால், அந்த வீட்டில் கண்டிருப்பது மணல்வாரி எனும் தட்டம்மையாக இருந்தால், ஊசி போடாத இன்னொரு குழந்தைக்கு 72 மணி நேரத்துக்குள் போட்டால் நோயே வராமல் தடுக்க வாய்ப்பு உண்டு. தண்ணீர் ஊற்றும் வரை காத்திருந்தால் அந்த நேரம் போய்விடும்.

'ஒரு தடவை அம்மை வந்து போனால் உடம்பு உரம் ஏறிவிடும்' என்பதும் தவறு. தட்டம்மை, உடம்பு முன்பு கற்று வைத்திருந்த மற்ற நோய்களுக்கான எதிர்ப்பையும் அழிக்கிறது. 2019-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், தடுப்பூசி போடாமல் தட்டம்மை வந்த குழந்தைகளிடம் அந்த எதிர்ப்பு 11 முதல் 73 சதவீதம் வரை குறைந்திருந்தது.

தட்டம்மை சேர்ந்த ஊசியைத்தான் ஆட்டிசத்தோடு சேர்த்துப் பேசினார்கள். 1998-ல் பிரிட்டன் மருத்துவர் ஒருவர் பன்னிரண்டே குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரையில் பிறந்த வதந்தி. 2010-ல் அதை வெளியிட்ட இதழே அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது, அவருடைய மருத்துவப் பதிவும் ரத்தானது. டென்மார்க்கில் 6.5 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு, தொடர்பு ஏதுமில்லை என்று 2019-ல் சொன்னது. ஆட்டிச அறிகுறிகள் பெற்றோர் கண்ணில் படுவது ஒன்றரை, இரண்டு வயதில். இரண்டாவது ஊசியும் அப்போதுதான். குழப்பம் அங்கேதான். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஒன்பது மாதம் முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தட்டம்மை-ரூபெல்லா முகாம் நடந்தபோது, வாட்ஸ்அப்பில் சுற்றிய செய்திகளால் பல பள்ளிகளில் பெற்றோர் பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டதும், முகாமை மார்ச் வரை நீட்டிக்க வேண்டி வந்ததும் பலருக்கு நினைவிருக்கும்.

"வேற மாவட்டத்துல இருக்கிற என் நாத்தனார் புள்ளைக்கு மூளைக்காய்ச்சல் ஊசி போடலையே, எங்களுக்கு மட்டும் ஏன்?"

இந்த ஒரு சந்தேகம் நம் மண்ணுக்கே உரியது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசியை நோய் உள்ள மாவட்டங்களில் மட்டும்தான் போடுகிறார்கள். விழுப்புரம் அதில் ஒன்று. இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டதே 1955-ல் வேலூரில். பழைய தென்னார்க்காட்டில் அது தொடர்ந்து தலைகாட்டியதால், மதுரையிலுள்ள மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையம் விருத்தாசலத்தில் களநிலையம் வைத்துக் கொசுக்களை ஆராய்ந்தது.

காரணம் நம் வயல்தான். நெல் நாற்று நிற்கும் தண்ணீரில் பெருகும் கியூலெக்ஸ் வகைக் கொசு இதைப் பரப்புகிறது. கிருமி கொக்கு, நாரைகளின் உடம்பில் இருக்கும், பன்றிகளில் பல்கிப் பெருகும், அங்கிருந்து கொசு மனிதருக்குக் கொண்டுவரும். தென்பெண்ணைப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் விளையும் ஊர்களில் இந்த மூன்றுமே உண்டு. கிருமி தொற்றியவர்களில் மிகச் சிலருக்குத்தான் மூளைக்காய்ச்சலாக மாறுகிறது. மாறினால் மூவரில் ஒருவர் வரை இறக்கலாம். பிழைத்தவர்களிலும் 30 முதல் 50 சதவீதத்தினருக்கு வலிப்பு, கைகால் முடக்கம், அறிவுத்திறன் குறைவு என்று நிரந்தரப் பாதிப்பு. கிருமியைக் கொல்ல மருந்து கிடையாது. முண்டியம்பாக்கத்துக்கோ ஜிப்மருக்கோ கொண்டுபோனாலும் மூச்சையும் வலிப்பையும் கவனித்துக்கொண்டு காத்திருப்பதைத் தவிர அவர்களால் அதிகம் செய்ய முடியாது.

இன்னொன்றை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. தட்டம்மை மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவது. ஊரில் பெரும்பாலோர் போட்டுக்கொண்டால் போடாத குழந்தையும் ஓரளவு தப்பிக்கும். மூளைக்காய்ச்சலில் அந்தச் சலுகை இல்லை. கிருமி கொக்கிலும் பன்றியிலும் இருக்கும்வரை, ஊரே போட்டிருந்தாலும் போடாத குழந்தைக்கு ஆபத்து அப்படியே இருக்கும். நோய் கூடுவது வடகிழக்குப் பருவமழையை ஒட்டிய மாதங்களில். ஆகஸ்டில் ஒன்பது மாதம் நிறையும் குழந்தைக்கு "பொங்கல் கழிச்சுப் பார்த்துக்கலாம்" என்றால், அந்தப் பருவம் முழுவதும் அது வெறும் உடம்போடு கழிக்கும்.

"ஊசி போட்டு நாலு குழந்தைங்க செத்துப்போச்சே, அது பொய்யா?"

பொய்யில்லை. 2008 ஏப்ரல் 23, அதுவும் ஒரு புதன்கிழமை. திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதன்பின் அரசு, கிராமங்களுக்குப் போய் ஊசி போடுவதை நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் இருக்கும்போது மட்டும் என்று ஆக்கியது. பிற்பாடு கிராம முகாம்கள் திரும்ப வந்தன. 2005-06-ல் 80.9 சதவீதமாக இருந்த தமிழ்நாட்டின் முழுத் தடுப்பூசி அளவு 2015-16-ல் 69.7 ஆக விழுந்தது. அதற்கு ஒரே காரணம் இதுதான் என்று சொல்ல மாட்டேன். ஊசி தூரமானதும் பயம் பக்கத்தில் வந்ததும் பங்கு வகித்திருக்கும்.

தட்டம்மை மருந்தின் இயல்பான பக்கவிளைவாக ஒரே நாளில் பல குழந்தைகள் இறப்பதில்லை. அப்படிக் கூட்டமாக நடந்தால் உலகெங்கும் முதலில் சந்தேகிப்பது கையாளும் பிழையை. 2014-ல் சிரியாவில் தட்டம்மை மருந்தைக் கரைக்க, கரைசலுக்குப் பதிலாகத் தவறுதலாகத் தசைத் தளர்வு மருந்தைப் பயன்படுத்தியதில் 15 குழந்தைகள் இறந்தன. தட்டம்மை, பிசிஜி மருந்துகள் தூளாக வருகின்றன. கரைத்த பின் நான்கு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மிச்சத்தைக் கொட்ட வேண்டும்.

இதில் பெற்றோர் பார்க்கக்கூடியவை உண்டு. கரைத்த நேரம் குப்பியில் எழுதியிருக்கிறதா, சிரிஞ்ச் புதிதாக உறை பிரிக்கப்பட்டதா என்று கேட்கலாம். குப்பியின் ஒட்டுச்சீட்டில் வட்டத்துக்குள் ஒரு சதுரம் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் மருந்து வெப்பத்தில் கெடவில்லை என்று பொருள். கரண்ட் கட் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு இதுவே விடை. ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். அரிதாக வரும் கடும் ஒவ்வாமை பெரும்பாலும் அதற்குள் தெரிந்துவிடும், அங்கேயே மருந்தும் உண்டு. பஸ் வந்துவிட்டது என்று ஓடுவதுதான் நம்மவர்கள் செய்யும் பெரிய தவறு.

"தேதி தாண்டிப் போச்சு. அட்டையும் வெள்ளத்துல போச்சு. முதல்லேர்ந்து ஆரம்பிக்கணுமா?"

வேண்டாம். எத்தனை மாதம் தாமதமானாலும் விட்ட தவணையிலிருந்து தொடரலாம். திட்டுவார்கள் என்று பயந்து போகாமல் இருந்துவிடாதீர்கள். நர்ஸம்மா இரண்டு வார்த்தை சொன்னால் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசி எல்லைகள் மட்டும் உண்டு. பென்டா, ரோட்டா, நிமோகாக்கல் மூன்றையும் ஒரு வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும். பென்டாவே போடாமல் ஒரு வயது தாண்டிவிட்டால் முத்தடுப்பு ஊசி போடுவார்கள், அது ஏழு வயது வரை. போலியோ சொட்டும் தட்டம்மை-ரூபெல்லாவும் ஐந்து வயது வரை. மூளைக்காய்ச்சல் ஊசி 15 வயது வரை. தவணைகளுக்கு இடையே குறைந்தது நான்கு வாரம் வேண்டும். ஊருக்குக் கிளம்புகிறோம் என்று முன்கூட்டியே போடச் சொல்லாதீர்கள். ஆறு வாரத்துக்கு முன் பென்டாவும், ஒன்பது மாதம் நிறையாமல் தட்டம்மை ஊசியும் சரியாகப் பலன் தராது.

செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகும் குடும்பங்கள் அங்குள்ள எந்த அரசு சுகாதார நிலையத்திலும் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம், வெளிமாநிலமாக இருந்தாலும். தாய் சேய் அட்டையின் இரண்டு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தால் போதும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலும் சாத்தனூர் அணை நீரும் சேர்ந்து தென்பெண்ணை கரை மீறி, அரசூர், இருவேல்பட்டுப் பக்கம் வீடுகளுக்குள் சேறு புகுந்தது. அப்படி அட்டை போனாலும் கர்ப்பப் பதிவின்போது கொடுத்த எண்ணை வைத்து நர்ஸம்மாவின் பதிவேட்டிலும் கணினியிலும் தேடி எடுக்கலாம். எதுவுமே கிடைக்காமல், ஒரு தவணை போட்டதா இல்லையா என்று குழப்பம் வந்தால் மறுபடி போட்டுவிடுவார்கள். கூடுதலாக ஒன்று போட்டால் கெடுதல் இல்லை. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் சில தவணைப் பணம் தடுப்பூசிப் பதிவோடு பிணைக்கப்பட்டிருக்கிறது, அதற்காகவும் பதிவைச் சரிசெய்துகொள்வது நல்லது.

"தனியார்ல இன்னும் நிறைய ஊசி சொல்றாங்களே?"

பொன்னுக்கு வீங்கி, சின்னம்மை, டைபாய்டு, ஏ வகை மஞ்சள் காமாலை போன்றவை அரசுப் பட்டியலில் இல்லை. வசதி இருந்தால் போடலாம். அதற்குக் கடன் வாங்கிவிட்டு இலவச ஊசியின் தேதியைத் தவறவிடுவது மட்டும் வேண்டாம். எங்கே போட்டாலும் ஒரே அட்டையில் பதிய வையுங்கள்.

"ஒன்றரை வயசோட முடிஞ்சுது இல்ல?"

பெரும்பாலான வீடுகளில் அட்டை பீரோவுக்குள் போவது அப்போதுதான். ஐந்து-ஆறு வயதில் இரண்டாம் முத்தடுப்பு ஊக்க ஊசி பாக்கி இருக்கிறது. பத்து வயதிலும் பதினாறு வயதிலும் ரணஜன்னி-தொண்டை அடைப்பான் ஊசி. முன்பு இந்த வயதில் ரணஜன்னிக்கு மட்டும் போட்டார்கள், 2019 முதல் இரண்டும் சேர்ந்தது. கேரளத்தின் மலப்புரத்தில் 2016-ல் தொண்டை அடைப்பானால் இறந்தவர்கள் கைக்குழந்தைகள் அல்ல, பள்ளி செல்லும் வயதுப் பிள்ளைகள். சிறு வயதில் போட்டிருந்தாலும் ஊக்க ஊசி இல்லாவிட்டால் பாதுகாப்பு மங்கிவிடும். பத்து, பதினாறு வயது ஊசிகளைப் பெரும்பாலும் பள்ளியிலேயே போடுகிறார்கள். அன்றைக்கு லீவு போட்ட பிள்ளையின் பெயர் விடுபட்டிருக்கும். வகுப்பாசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, விட்டிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். பிள்ளையின் பழைய அட்டை இல்லாவிட்டாலும் போடுவார்கள்.